முதலாளியின் இடது காது

செவலை என்று மட்டும் சொன்னது போதாதோ என்று கோயில்பிள்ளைக்கு மறுபடியும் தோன்றியது. செவலை என்றால் எந்தச் செவலை. ஈரச் செங்கலா, காய்ந்த செங்கலா, டீ ஆறி மேலே ஆடை படியும்போது வருமே அந்த நிறமா. பிராணிகள் காப்பகத்தின் முன்னறையில் சுவரோடு போட்டிருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணை உள்ளேயிருந்து யாரோ பூரணி என்று கூப்பிட்டார்கள். இந்த வாரம் முழுக்க போனில் அவரிடம் பேசிய குரல் அதுதான். "நம்ம ஊர்ல பாதி நாய் செவலதான் சார்" என்று போனில் சொன்னதையே நேரிலும் சொன்னாள். நியாயம்தான். அவர் வேலை பார்க்கிற டிராக்டர் உதிரிபாகக் கடையிலும் தினமும் யாராவது வந்து நிற்கிறார்கள். அண்ணாச்சி, உருண்டையா இருக்கும், நடுவுல ஓட்ட இருக்கும், அதுல ஒண்ணு குடுங்க. உருண்டையாக, நடுவில் ஓட்டையோடு, அந்தக் கடையில் இல்லாத சாமானே கிடையாது. பழசைக் கொண்டு வாங்க என்பார். பழசு தொலஞ்சு போச்சே என்பார்கள். அப்படியானால் தர முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். அப்போது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவர் யோசித்ததில்லை. பூரணியின் முகத்தைப்போலத்தான் இருந்திருக்கும். கெட்ட முகம் இல்லை. அடுத்த ஆளைப் பார்க்கக் காத்திருக்கிற முகம். நாய் பேர் என்ன என்று கேட்டாள். முதலாளி என்றார். "உங்க முதலாளி வீட்டு நாயா சார்?" "இல்லம்மா, நாய் பேரே அதான்." அவள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி ஆசீர் வைத்த பேர். முதலாளி சாப்ட்டாச்சா, முதலாளி கொஞ்சம் தள்ளிப் படுங்க என்று அதனிடம் மரியாதையாகத்தான் பேசுவான். வீட்டில் வேறு யாரிடமும் அவன் அவ்வளவு பேசுவதில்லை.

இரண்டு காதும் முழுசாக இருக்கும் என்பதையும் மறக்காமல் சொன்னார். போன் பண்ணின ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லியிருக்கிறார். தெருநாய்களைப் பிடித்துவந்து குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்து, அடையாளத்துக்கு இடது காது நுனியை வெட்டி, பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் விடுவது இங்கே வழக்கம் என்று ஊருக்கே தெரியும். அது இல்லம்மா, இது வீட்டு நாய், காது முழுசு. சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிமிர்வு வந்துவிடும். யாராவது தம்பியைப் பற்றி விசாரிக்கும்போது, அவன் மினிபஸ்ல கண்டக்டரா இருந்தவன், பிளஸ் டூ வரைக்கும் படிச்சவன் என்று சொல்வாரே, அதே நிமிர்வு. "வீட்டு நாய்னா முன் கொட்டகைதான் சார். தொலஞ்சது, ஆளுங்க கண்டெடுத்துக் கொண்டாந்தது எல்லாம் அங்கதான் கட்டுவோம். பின் கொட்டகை முழுக்கத் தெருநாய், அங்க பாக்க வேண்டியதில்ல. இப்ப டாக்டர் ஊசி போட்டுட்டிருக்காங்க. முடிஞ்சதும் பேச்சிமுத்து அண்ணன் கூட்டிட்டுப் போவாங்க." எதிர்ச் சுவர் முழுக்கப் படங்கள் ஒட்டியிருந்தன. தொலைந்து கிடைத்த நாய்களும் அவற்றைக் கட்டிக்கொண்டிருக்கும் மனிதர்களும். வெள்ளைச் சடை நாய் ஒன்று ஒரு சிறுமியின் கன்னத்தை நக்கிக்கொண்டிருந்தது. மீசைக்காரர் ஒருவர் கன்றுக்குட்டி அளவு நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தார். எல்லாம் பார்த்தவுடனே இன்னது என்று சொல்லிவிடக்கூடிய நாய்கள். நம்முடையதைப்போல ஒன்றுகூட இல்லையே என்று ஒவ்வொரு படமாகத் தேடினார். ஒரு படத்தின் மூலையில் செவலையாக ஏதோ தெரிந்தது. எழுந்துபோய்ப் பார்த்தார். வாளி.

நாளைக் காலையில் ஆசீரைக் கூட்டிப்போக வண்டி வரும். மலையடிவாரத்தில் இருக்கிற மனநலக் காப்பகத்துக்காரர்கள் நல்ல மனிதர்கள்தான், தோட்டம் இருக்கிறது, ஜெபக்கூடம் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. அவர் மனைவி எமிமாள் அங்கே ஒரு கட்டிலில் உட்கார்ந்து மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். "எனக்கு மட்டும் ஆசையா? கல்யாணம் ஆகி வந்த நாள்லருந்து அவனுக்குச் சோறு போடுதேன்" என்றாள். அது பொய்யில்லை. எதிர்வீட்டு நாயின் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முதலாளிய எங்க ஒளிச்சு வச்சிருக்கிய என்று ஆசீர் நடுத்தெருவில் நின்றபோது, அந்த வீட்டுப் பையன் அவனைக் கன்னத்தில் அறைந்ததும், இவள்தான் குறுக்கே விழுந்து இரண்டு பேரையும் பிரித்துவிட்டாள். வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறியிருந்தது. அன்று ராத்திரிதான் சொன்னாள். நாய் வந்துட்டா மாத்திரைய முழுங்குவான், தூங்குவான், நானும் வண்டிய வரவேண்டாம்னு சொல்லிருதேன், வரலன்னா இனி என்னால ஆகாது. நாய் வந்துவிட்டால். ஒரு கல்யாண ஊர்வலத்தின் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய நாய். அவர் தெருத்தெருவாகச் சைக்கிளில் போய், முதலாளீ, முதலாளீ என்று கூப்பிட்டார். டீக்கடையில் நின்றவர்கள், அண்ணாச்சி, சம்பளப் பாக்கியா என்று சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டு அடுத்த தெருவில் போய்க் கூப்பிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் வலைக்கம்பி போட்ட வண்டி ஒன்று நின்றது. பின் கொட்டகையிலிருந்து நாய்களை ஒவ்வொன்றாகக் கயிறு போட்டு இழுத்துவந்து ஏற்றினார்கள். இன்றைக்குத் திருப்பி விட வேண்டிய நாய்கள் போலிருக்கிறது. கருப்பு ஒன்று ஏறமாட்டேன் என்று நான்கு கால்களையும் ஊன்றியது. வண்டிக்காரன் அதை அலாக்காகத் தூக்கினான். "ஏல, நீ என்ன கவர்னரா, பூங்கொத்து குடுத்தாத்தான் ஏறுவியா?" பின்னாலேயே ஒரு செவலை வந்தது. கோயில்பிள்ளை எழுந்துவிட்டார். எழுந்தது அவர் இல்லை, முழங்கால்கள். வயிறு உள்ளே ஒட்டி, முதுகில் எலும்பு தெரிய, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. கழுத்தில் பட்டை இல்லை. வண்டிக்கருகில் வந்ததும் நின்று ஜன்னல் பக்கம் பார்த்தது. இடது காதின் நுனி இல்லை. சீராக வெட்டப்பட்டு விளிம்பில் மருந்தின் நீலம் தெரிந்தது. அவர் திரும்ப உட்கார்ந்துகொண்டார். நம்முடையது இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்கு வீண் ஆசை வரும் என்று பார்வையைத் திருப்பிப் படங்களைப் பார்த்தார். வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கருவேலங்காட்டுக்குள் நெடுநேரம் கேட்டது.

காதுதான் ஆசீருக்கு முக்கியம். கட்டில் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. முதலாளி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வாசலைப் பார்த்தபடி படுக்கும். அவன் கையைத் தொங்கவிட்டு அதன் இடது காது நுனியை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொள்வான். நசுக்க மாட்டான், இழுக்க மாட்டான், நோட்டை எண்ணுகிற மாதிரி மெல்லத் தேய்ப்பான். கொஞ்ச நேரத்தில் விரல் நின்றுவிடும். அதுதான் அவன் தூங்கிவிட்டான் என்பதற்கு அடையாளம். அதற்குப் பிறகுதான் எமிமாள் விளக்கை அணைப்பாள். நாய் வருவதற்கு முன்னால் என்ன பிடித்தான். மாத்திரை. மாத்திரைக்கு முன்னால், பஸ்ஸில் போன காலத்தில், தோள்பையின் வார். அதற்கும் முன்னால், அம்மா செத்துப்போன வருஷம், இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்திருந்தபோது, அண்ணனின் காது. கோயில்பிள்ளையின் கை தானாகத் தன் காதுக்குப் போயிற்று. காது சூடாகிவிடும். தூக்கம் வராது. சின்ன விரல்கள், சோற்று வாசனை. விடுடா என்று தட்டிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரும். மறுபடி தட்டிவிடுவார். எந்த நாளிலிருந்து அது வராமல் போயிற்று என்று ஞாபகமில்லை. இப்போது ராத்திரியெல்லாம் அந்தக் கை கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது. தரையைத் தடவுகிறது. சிமெண்டில் விரல் உரசுகிற சத்தம் அடுத்த அறையில் படுத்திருக்கிற அவருக்குக் கேட்கிறது. எமிமாளுக்கும் கேட்கும். இரண்டு பேரும் தூங்குகிற மாதிரி படுத்திருப்பார்கள். மலையடிவாரத்துக் காப்பகத்தில் ஒரே கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். அங்கே கையைத் தொங்கவிட்டால் பக்கத்துக் கட்டில்காரனின் கைதான் இருக்கும். அந்தக் கை என்ன செய்யும். அடிக்குமா.

"வாங்க அண்ணாச்சி, உங்க முதலாளியப் பாப்போம்" என்று பேச்சிமுத்து வந்து நின்றார். முட்டிவரை ரப்பர் பூட்ஸ், கையில் ஈர விளக்குமாறு. பூரணி பேரைச் சொல்லிவிட்டாள் போலும். முன் கொட்டகைக் கதவைக் கட்டியிருந்த வாரை அவிழ்த்து உள்ளே விட்டார். பினாயிலும் வெந்த சோறும் ஈர ரோமமும் கலந்த நெடி. இரண்டு பக்கமும் கம்பிக்கூண்டுகளில் எல்லா நாய்களும் ஒரே நேரத்தில் குரைத்தன. அவரைப் பார்த்துக் குரைத்தன என்றுதான் முதலில் நினைத்தார். இல்லை, அவருக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று பார்த்துக் குரைத்தன. சடை நாய், மொட்டை நாய், ஒற்றைக்கண் நாய். "எல்லாரும் எங்க நாய் தனி, பாத்ததும் தெரியும்னுதான் சொல்லிட்டு வருவாவ. உள்ள வந்தா முழிப்பாவ" என்று பேச்சிமுத்து அவர் காதருகில் கத்தினார். கோயில்பிள்ளை முழித்தார். கடைசிக் கூண்டில் ஒரு செவலை படுத்திருந்தது. காது இரண்டும் முழுசு. முதலாளி என்றார். அது தலையைத் தூக்கியது. முதலாளி. வாலை ஆட்டிக்கொண்டு கம்பிக்கு வந்து அவர் விரலை நக்கியது. அது இல்லை. நெற்றியில் வெள்ளை இருந்தது, வயசு குறைவு, கண்ணில் ஒரு பயமும் இல்லை. எந்தப் பேரைச் சொன்னாலும் இது வந்திருக்கும். "யாரும் தேடி வரல இதுக்கு. வேணும்னா இதக் கூட்டிட்டுப் போங்களேன், தங்கமான பிள்ள" என்றார் பேச்சிமுத்து. கம்பிக்குள் விரலை விட்டு அதன் இடது காது நுனியைப் பிடித்துப் பார்த்தார். முழுசாக இருந்தது. வெல்வெட்டு மாதிரி இருந்தது. நெற்றி வெள்ளைக்கு ஏதாவது சாயம் பூசினால். முகத்தைத் துண்டால் மறைத்துக் கொண்டுபோய் இருட்டின பிறகு அறைக்குள் விட்டால். இன்று ஒரு ராத்திரி அவன் தூங்கிவிட்டால் போதும், நாளைக் காலை வண்டி வராது. அசலும் போலியும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கடை முதலாளிக்கே தெரியாது என்று கடையில் பெருமையாகச் சொல்வார்கள். மாட்டி ஓட்டினால் தெரியும். நடுவயலில் நிற்கும்போது தெரியும். ஆசீரின் விரலுக்கு எத்தனை நேரத்தில் தெரியும். தெரிந்த பிறகு அவன் அண்ணனைப் பார்க்கிற பார்வை. விரலை வெளியே எடுத்தார். அந்த நாய் காதை அதே இடத்தில் கம்பியோடு சாய்த்து வைத்துக்கொண்டு நின்றது.

வெளியே வந்ததும் பேச்சிமுத்து கதவைச் சாத்தி வாரைச் சுற்றிக் கட்டினார். கோயில்பிள்ளை அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்து எங்கே போவது, மாநகராட்சி குப்பைக்கிடங்குப் பக்கம் நாய்கள் கூடும் என்றார்களே, இல்லாவிட்டால் ரயில் பாதையோரம், ரயில் பாதையை மட்டும் இதுவரை பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்றே பார்க்கவில்லை. கருப்புத் தோல்வார். ஓரத்தில் பச்சை நூல் தையல். தையல் ஒழுங்காக இல்லை, ஒரு இடத்தில் நெருக்கி, ஒரு இடத்தில் தாவி. கண்டக்டர் பையின் வாரை வெட்டி, எமிமாளின் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஆசீர் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து முதலாளியின் கழுத்துக்குத் தைத்தது. "இது எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டது தன் குரல்தானா என்று தெரியவில்லை. "இதுவா? பிடிச்ச வண்டியில கிடந்துச்சு. வலையில சிக்கிக்கிடும்னு பட்ட இருந்தா அங்கயே அவுத்துப் போட்ருவாவ. இப்ப தெருநாய்க்குங்கூடச் சனங்க பட்ட கட்டி விடுதாங்களே அண்ணாச்சி. தோல் நல்லாருக்கேன்னு நான்தான் கதவுக்கு." "அந்த நாய்?" "பின் கொட்டகைலதான் கிடந்திருக்கும். ஆபரேஷன் ஆயிருக்கும்." பேச்சிமுத்துவின் கண் முற்றத்தில் வண்டி நின்ற இடத்துக்குப் போயிற்று. பின் கொட்டகைக்கு வந்த பிறகு எந்த நாய்க்குக் காது முழுசாக இருக்கும். எந்த அடையாளத்தை அவர் திரும்பத் திரும்பச் சொன்னாரோ அதுதான் ஒவ்வொரு தடவையும் அதை மறைத்திருக்கிறது. வயிறு ஒட்டி, தலை தொங்கி, வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஜன்னலைப் பார்த்தது. அவரைத்தான் பார்த்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மீசைக்காரரின் படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்தால் வீண் ஆசை வரும் என்று.

பூரணி வண்டிக்காரருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். "இசக்கி அண்ணே, எங்க இருக்கிய? அந்தச் செவல இறக்கியாச்சா?" அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். காதருகில் இருந்த போனிலிருந்து குரைப்புச் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டது. அதில் ஒரு குரல் தெரிந்ததுபோல் இருந்தது. தெரியவில்லை. "பஸ் டிப்போகிட்ட கொஞ்சத்த இறக்கிட்டாங்களாம். இன்னும் சிலது உள்ள இருக்காம். செவலயும் உண்டுங்காங்க, எந்தச் செவலன்னு தெரியல. வண்டியத் திருப்பச் சொல்லிட்டேன். உக்காருங்க சார்" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முகம் இப்போது அடுத்த ஆளைப் பார்க்கக் காத்திருக்கவில்லை. அவருக்கு அது இன்னும் பயமாக இருந்தது. எந்தச் செவலை. ஈரச் செங்கலா, காய்ந்த செங்கலா. இறங்கியிருந்தால் டிப்போவில் எந்தப் பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுக்கும். ஆண்டவரே என்று தொடங்கினார். வண்டியில் அது இருக்க வேண்டும் என்று கேட்பதா, நாளைக்கு வருகிற வண்டி வரக்கூடாது என்று கேட்பதா. இரண்டு வண்டியும் ஒரே ரோட்டில் எதிரும் புதிருமாக வருவதுபோல் தோன்றியது. கையில் வார் இருந்தது, பேச்சிமுத்து அவிழ்த்துத் தந்திருந்தார். பச்சை நூலை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். நெருக்கின இடம், தாவின இடம். நெருக்கின இடம். பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. கிடைத்துவிட்டாலும் காது இல்லை. அவன் பிடிக்கிற அந்த இடம், சரியாக அந்த இரண்டு விரல் அகலம். அதை இங்கே ஏதோ ஒரு தட்டில் வெட்டிப் போட்டு, அள்ளிக் கொட்டியிருப்பார்கள்.

வண்டி வந்தது. கதவைத் திறந்ததும் முன்னால் இரண்டு நாய்கள் குதிக்கப் பார்த்தன. பின்னால் மூலையில் செவலை படுத்திருந்தது. முதலாளி என்றார். வந்தது. ஓடிவரவில்லை, வாலை ஆட்டவில்லை, எழுந்து நடந்து வந்து அவர் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான். முகத்தைப் பார்க்கவில்லை. பூரணி செல்போனைத் தூக்கி, "சார், ஒரு படம், சுவத்துல ஒட்டுறதுக்கு" என்றவள், அவரைப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே இறக்கினாள். கழுத்தில் வாரைக் கட்டினார். முன்பு போட்ட ஓட்டையில் தொளதொளத்தது.

ஆட்டோவில் அது அவர் காலடியில் படுத்துக்கொண்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "கடிக்குமா?" என்றார். "அப்பிராணி" என்றார். போனை எடுத்து எமிமாளைக் கூப்பிட்டார். "அந்தப் பீரோவ நகத்தணும்" என்றார். "என்னது?" "ஆசீர் அறையில பீரோ. அத இந்தப் பக்கம் தள்ளிட்டு, கட்டில எதிர்ச் சுவரோட போட்டுறணும். நான் வரதுக்குள்ள முடியுமா பாரு. பக்கத்து வீட்ல யாரயாவது கூப்பிட்டுக்கோ." "எதுக்குங்க? மொதல்ல நாய் கிடச்சுதா இல்லையா, அதச் சொல்லுங்க." கிடச்சிட்டு என்றார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்ப அவங்ககிட்ட நாளைக்கு வண்டி வரவேண்டாம்னு சொல்லிரவா?" கட்டில் அந்தச் சுவரோடு இருந்தால் முதலாளி இந்தப் பக்கம் படுக்கும், அப்போது அவன் கைக்கு வலது காதுதான் எட்டும். வலது காது முழுசாக இருக்கிறது. இருட்டில் தொங்குகிற கைக்கு இடது வலது தெரியுமா. தெரியும். தெரிந்தாலும் இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளாதா. "என்னங்க, சொல்லிரவா?" குனிந்து வலது காது நுனியை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்தார். முதலாளி வெடுக்கென்று காதை இழுத்துக்கொண்டது. இந்தக் காதை யாரும் பிடித்ததில்லை. "இரு, வந்து சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டு மறுபடி பிடித்தார். இழுத்துக்கொண்டது. நசுக்காமல், இழுக்காமல், நோட்டை எண்ணுகிற மாதிரி. இழுத்துக்கொண்டது. "அண்ணாச்சி, எந்த வழியா போணும்?" என்றார் டிரைவர். "சுத்துவழியாவே போங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பிடித்தார்.